பாலேயைத் தொழிலாக எடுப்பவர்களுக்கு: முதல் வகுப்பிலிருந்து மேடைக்குப் பிந்தைய வேலை வரை

பாரிஸ் ஓபராவின் பாலே கம்பெனியில் ஆடுபவர்களுக்கு 42 வயதில் ஓய்வு. எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் இதே கணக்குதான். மற்ற கம்பெனிகளில் பெரும்பாலும் இப்படி எழுதிவைத்த விதி கிடையாது. ஆனாலும் உடம்பு கிட்டத்தட்ட அதே வயதைத்தான் சொல்லும், பலருக்கு முப்பத்தைந்திலேயே சொல்லிவிடும். 17, 18 வயதில் முதல் ஒப்பந்தம், முப்பதுகளின் கடைசியில் கடைசி மேடை. நடுவில் இருபது வருடம் கிடைத்தால் அது நல்ல, நீண்ட தொழில் வாழ்க்கை. அதற்கு முன்னால் பத்து வருடப் பயிற்சி இருக்கிறது. அதற்குப் பின்னால் உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய இன்னொரு இருபத்தைந்து வருடமும் இருக்கிறது.

இந்த மூன்று கட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மேடையை விட்ட பிறகு என்ன வேலை கிடைக்கும் என்பது, மேடையில் இருந்த வருடங்களில் எதையெல்லாம் கவனித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. தன் காலை மட்டும் நம்பி ஆடியவருக்குக் கால் ஓய்ந்ததும் வழி அடைபட்டுப் போகிறது. கண்ணையும் காதையும் சேர்த்துப் பழக்கியவருக்கு அப்படி ஆவதில்லை. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

1. எப்போது தொடங்குவது, யாரிடம் தொடங்குவது

முறையான பயிற்சி பொதுவாக 7, 8 வயதில் தொடங்கும். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கான வகுப்பு தாளமும் விளையாட்டும்தான். அதைத் தவறவிட்டால் எந்த நஷ்டமும் இல்லை. முழுநேரப் பாலே பள்ளிகள் 10, 11 வயதில் மாணவர்களை எடுப்பதால், அதற்குமுன் இரண்டு மூன்று வருட அடிப்படை இருந்தால் நல்லது. ஆண் பிள்ளைகள் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் சமாளிக்க முடியும். 13 வயதில் பாலே தொடங்கி, 2015இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதல் கறுப்பினப் பெண் பிரின்சிபலாக (முதன்மை ஆட்டக்காரராக) உயர்ந்த மிஸ்டி கோப்லேண்டும் இருக்கிறார். ஆனால் அவரை விதிவிலக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். அவரை நம்பித் திட்டம் போடக் கூடாது.

வயதைவிட ஆசிரியர்தான் முக்கியம். சேருமுன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். முதலில் தரை. அடியில் காற்றிடைவெளியோ மீள்தன்மையோ உள்ள மரத்தரையாக இருக்க வேண்டும். சிமெண்டின் மேல் நேரடியாக ஒட்டிய தளத்தில் நாள்தோறும் குதித்தால் முழங்காலும் கீழ்க்கால் எலும்பும் தாங்காது. அடுத்தது திருத்தம். ‘நன்றாகச் செய்’ என்று சொல்வது திருத்தம் ஆகாது. ‘நிற்கும் காலின் இடுப்பு பின்னால் விழுகிறது, மேலே தூக்கு’ என்றால் அது திருத்தம்.

மூன்றாவதாக டர்ன் அவுட்டைக் கவனியுங்கள். பாலேயில் கால் முழுவதும் வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். எல்லோருடைய இடுப்பு எலும்பும் ஒரே அளவு திரும்பாது, அது பிறப்பிலேயே அமைவது. பாதத்தைத் தரையில் 180 பாகைக்கு இழுத்து வைத்துவிட்டு முழங்காலை முறுக்கிச் சமன்செய்யும் பழக்கத்தை ஒரு ஆசிரியர் அனுமதித்தால், வேறு பள்ளி பாருங்கள். அந்தக் கணக்கை முழங்காலும் கணுக்காலும் இருபது வயதுக்குப் பிறகு தீர்க்கும்.

முறைகள் பல உண்டு. ரஷ்யாவின் வகானோவா, இத்தாலியிலிருந்து வந்த செக்கெட்டி, டென்மார்க்கின் புர்னோன்வில், பிரெஞ்சு முறை, ராயல் அகாடமி ஆஃப் டான்ஸின் பாடத்திட்டம், அமெரிக்காவில் நடன அமைப்பாளர் பாலன்சினின் பாணி. எது சிறந்தது என்ற விவாதத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். முதல் ஆறேழு வருடம் ஏதாவது ஒன்றில் ஊன்றி நின்றால் போதும்.

2. பாயிண்ட் ஷூ: அவசரப்படக் கூடாத இடம்

பெண்கள் நுனிவிரலில் நின்று ஆடும் பயிற்சி பொதுவாக 11, 12 வயதில், மூன்று நான்கு வருட அடிப்படைக்குப் பிறகு தொடங்கும். வயது மட்டும் போதாது. ஒற்றைக் காலில் கணுக்கால் ஆடாமல் பல முறை எழுந்து இறங்க முடிகிறதா, நடுவுடம்பு நிற்கிறதா, முழுப் பாதமும் நீளத் தேவையான வளைவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எட்டு வயதுக் குழந்தைக்குப் பாயிண்ட் ஷூ மாட்டிப் படம் எடுக்கும் பள்ளியிலிருந்து விலகி நில்லுங்கள்.

ஷூவையும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். வெளியே சாட்டின் மினுங்கினாலும், விரலைத் தாங்கும் முன்பெட்டி துணி, காகிதம், பசை ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்ததுதான். உள்ளே பாதத்தின் அடியில் ஒரு கெட்டியான பட்டை ஓடும். புதிதாக வந்த ஜோடியை யாரும் அப்படியே போட்டு ஆடுவதில்லை. ரிப்பனையும் எலாஸ்டிக்கையும் தன் கணுக்காலுக்குத் தக்கபடி அவரவரே தைக்கிறார்கள். பட்டையைத் தன் பாதம் வளையும் இடம் பார்த்து மடக்குகிறார்கள், சிலர் முக்கால் பாகத்தில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வழுக்காமலிருக்க அடித்தோலைக் கத்தியால் கீறுகிறார்கள். நுனியில் தடித்த நூலால் தையல் போடுகிறார்கள். பெட்டி சீக்கிரம் இளகாமலிருக்க உள்ளே பசை ஊற்றிக் காயவிடுகிறார்கள். இவ்வளவு உழைத்த ஜோடி ஒரு முழு நீள நிகழ்ச்சியில் செத்துப் போகலாம்; முக்கியப் பாத்திரம் ஆடுபவர் ஒரே இரவில் இரண்டு மூன்று ஜோடி மாற்றுவதும் உண்டு. லண்டனின் ஃப்ரீட் நிறுவனத்தில் ஒவ்வொரு கைவினைஞருக்கும் நங்கூரம், சாவி, கிரீடம் என்று தனித்தனி முத்திரை இருக்கிறது. ஒரு கை பழகிவிட்டால் ஆடுபவர் அந்த முத்திரையைத்தான் வருடக்கணக்காகக் கேட்டு வாங்குவார்.

பெரிய கம்பெனிகளில் ஷூ செலவைக் கம்பெனி ஏற்கும். மாணவப் பருவத்தில் அது குடும்பத்தின் தலையில்தான். பாலே பயிற்சிச் செலவைக் கணக்குப் போடும்போது பலர் மறந்துவிடும் வரி இது.

3. முழுநேரப் பள்ளி

1713இல் தொடங்கிய பாரிஸ் ஓபரா பள்ளி, 1738இல் தொடங்கிய செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கின் இன்றைய வகானோவா அகாடமி, லண்டனின் ராயல் பாலே பள்ளி, 1934இல் நியூயார்க்கில் தொடங்கிய ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலே ஆகியவற்றுக்கு ஒரு பெரிய கம்பெனி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே படிப்பவருக்கு அந்தக் கம்பெனியின் நடை உடம்பில் ஊறிவிடும், கம்பெனி இயக்குநரும் அவரை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார். இதுதான் இந்தப் பள்ளிகளின் உண்மையான பலம்.

உள்ளே போவதைப்போலவே உள்ளே நிலைப்பதும் கடினம். வருடா வருடம் மதிப்பீடு உண்டு, 13, 14 வயதில் ‘இனி தொடர வேண்டாம்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். காரணம் பெரும்பாலும் சோம்பல் அல்ல. வளர்ச்சியில் உடல் வேறு வடிவம் எடுத்திருக்கும், அவ்வளவுதான். பெற்றோர் இதைச் சேர்க்கும் நாளிலேயே பிள்ளையிடம் பேசிவிட வேண்டும். பொதுப் படிப்பையும் எக்காரணம் கொண்டும் விடக் கூடாது.

வளர்ச்சிப் பருவம் பற்றி இன்னொன்று. திடீரென்று உயரம் கூடும் மாதங்களில் நேற்றுவரை வந்த சுழற்சி வராது, சமநிலை போய்விடும். எலும்பு முன்னால் ஓடும், தசை பின்னால் வரும். அந்த நேரத்தில் காலை இன்னும் உயரத் தூக்கச் சொல்லி இழுப்பது நேராகக் காயத்தில்தான் முடியும். நல்ல ஆசிரியர் அப்போது குதிப்பதைக் குறைத்து நிற்பதைச் சரிசெய்வார்.

இந்தக் கட்டத்தில் கண்ணுக்கான பயிற்சி ஒன்று உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கு ஆசிரியர் சொல்லும் திருத்தத்தை உங்களுக்குச் சொன்னதாகவே எடுத்து உடனே செய்து பாருங்கள். பியானோ வாசிப்பவர் எந்த இடத்தில் மூச்சுவிடுகிறார் என்று கேளுங்கள். பிற்காலத்தில் கற்றுக்கொடுக்கும் திறன் இங்கேதான் முளைக்கிறது.

4. போட்டிகளும் ஆடிஷனும்

1973 முதல் நடக்கும் பிரி த லோசான் போட்டி 15 முதல் 18 வயதுள்ளவர்களுக்கானது. மேடை ஆட்டத்தோடு வகுப்பில் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் அங்கே பார்க்கிறார்கள். பரிசு பெற்றவருக்கு ஒரு நல்ல பள்ளியிலோ கம்பெனியிலோ இடமும் உதவித்தொகையும் கிடைக்கும். ஹவானாவில் எளிய குடும்பத்தில் பிறந்த கார்லோஸ் அகோஸ்டா 1990இல் அங்கே தங்கம் வென்றார், உலகம் அவரைக் கவனித்தது. அமெரிக்காவில் யூத் அமெரிக்கா கிராண்ட் பிரி இதேபோன்ற வாசல். ஆனால் வருடம் முழுக்க ஒரே ஒன்றரை நிமிடத் தனியாட்டமான வேரியேஷனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு ஏற்புடையதல்ல. கம்பெனிக்கு வேண்டியவர், புதிய அடவு ஒன்றைப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டு மற்ற இருபது பேரோடு சேர்ந்து ஆடுபவர்.

ஆடிஷன் காலம் பெரும்பாலும் ஜனவரியில் சூடுபிடிக்கும். முதலில் வீடியோ அனுப்ப வேண்டும்: கைப்பிடிக் கம்பியைப் பிடித்துச் செய்யும் பார் பயிற்சி கொஞ்சம், கம்பி இல்லாமல் செய்யும் நடுத்தளப் பயிற்சி, குதிப்பு, ஒரு வேரியேஷன், பெண்கள் என்றால் பாயிண்ட். வெட்டு ஒட்டு இல்லாமல், முழு உடலும் தெரியும்படி, கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி எடுங்கள். விண்ணப்பத்தில் உயரத்தை உள்ளபடி எழுதுங்கள். வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தால் அந்த உயரத்துக்குத்தான் ஆள் தேடுவார்கள், நேரில் போனதும் தெரிந்துவிடப் போகிறது.

நேரில் நடக்கும் ஆடிஷன் ஒரு சாதாரண வகுப்புதான். நெஞ்சில் ஒரு எண்ணைக் குத்திக்கொண்டு நிற்க வேண்டும். பார் பயிற்சி முடிந்ததுமே பாதிப் பேரை அனுப்பிவிடுவதும் உண்டு. நின்ற விதம், பாதம், இசையோடு சேர்கிற விதம் ஆகியவை அதற்குள் தெரிந்துவிடும். அப்புறம் இன்னொன்றையும் பார்ப்பார்கள். அடியை மறந்தால் முகம் எப்படி மாறுகிறது, பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிறாரா என்று.

போகுமுன் அந்தக் கம்பெனி என்ன ஆடுகிறது என்று பாருங்கள். இக்கால நடன அமைப்பாளர் ஃபோர்சைத்தின் படைப்புகளை அதிகம் ஆடும் இடத்துக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெட்டிப்பா அமைத்த முழு நீளப் பாலேக்களை ஆடும் இடத்துக்கும் தேவைப்படும் உடல் வேறு. ஒப்பந்தத்தில் நான்கு கேள்விகள்: வருடத்தில் எத்தனை வாரம் சம்பளம், காயத்தின்போது யார் பொறுப்பு, ஷூவுக்கு யார் செலவு, புதுப்பிப்பதை எப்போது சொல்வார்கள். சில இடங்களில் பயிற்சியாளர் என்ற பெயரில் இளைஞர்களிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு மேடையில் ஆடவும் வைக்கிறார்கள். அடுத்த வருடம் அதிலிருந்து எத்தனை பேருக்குச் சம்பள ஒப்பந்தம் கிடைத்தது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறு இடம் தேடுங்கள்.

5. கோர் த பாலே: உண்மையான பல்கலைக்கழகம்

பெரும்பாலானவர்கள் கோரில், அதாவது வரிசையாகச் சேர்ந்து ஆடும் குழுவில், தொடங்குகிறார்கள், பலர் கோரிலேயே ஓய்வு பெறுகிறார்கள். வெளியே இருப்பவர்கள் இதைத் தோல்வி என்று நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாலேயில் மிகக் கடினமான வேலைகளில் சில கோரில்தான் இருக்கின்றன.

1877இல் பெட்டிப்பா அமைத்த ‘லா பயாடேர்’ பாலேயில் நிழல்களின் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை உடையில் பெண்கள் ஒரு சரிவின் வழியே ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். ஒரு அரபெஸ்க் (ஒற்றைக் காலில் நின்று மறுகாலைப் பின்னால் நீட்டும் நிலை), பின்னால் ஒரு சாய்வு, இரண்டு அடி, மறுபடி அரபெஸ்க். கடைசிப் பெண் இறங்கும்வரை முதல் பெண் இதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க வேண்டும். தளம் சரிவானது. இசை மிக மெதுவாகப் போவதால் ஒளிய இடமில்லை. ஒருவர் தள்ளாடினால் அரங்கம் முழுவதும் பார்க்கும். முன்னால் இருப்பவரின் கால் உயரத்தைப் பார்த்துத் தன் காலை நிறுத்த வேண்டும். இன்னும் உயரத் தூக்க முடிந்தாலும் தூக்கக் கூடாது. பின்னால் வருபவரின் மூச்சைக் கேட்டு நேரம் பிடிக்க வேண்டும். நேராகப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் வரிசையைக் காப்பது இங்கேதான் கைவருகிறது.

ஒரு நாள் எப்படிப் போகும்? காலை பத்து, பத்தரைக்குக் கம்பெனி வகுப்பு, ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். பிறகு மாலைவரை ஒத்திகை. நிகழ்ச்சி இருந்தால் ஒப்பனை, சூடேற்றும் பயிற்சி, இரவு ஏழரைக்குத் திரை. பத்தரைக்கு வெளியே வந்தால் அடுத்த நாள் காலை மறுபடி வகுப்பு. ‘நட்கிராக்கர்’ காலத்தில் டிசம்பர் முழுவதும் இப்படித்தான், வாரத்துக்கு ஏழெட்டு நிகழ்ச்சி. ஒரே இரவில் முதல் அங்கத்தில் எலியாகவும், பனிக்காட்சியில் பனித்துளியாகவும், இரண்டாம் அங்கத்தில் மலராகவும் ஆடுபவர்கள் உண்டு.

இங்கே நான் வற்புறுத்திச் சொல்வது இதுதான். உங்கள் இடத்தை மட்டும் கற்காதீர்கள். பக்கத்து இடம், எதிர்ப்பக்க வரிசை, நால்வர் ஆட்டம், சோலோ எல்லாவற்றையும் ஒத்திகையின் பின்வரிசையில் நின்று உடம்பில் ஏற்றுங்கள். மாலை ஐந்து மணிக்கு யாராவது கணுக்கால் சுளுக்கி விழும்போது, ‘அந்த இடம் எனக்குத் தெரியும்’ என்று சொல்பவருக்கே வாய்ப்பு. அப்படிக் கிடைத்த ஒரே ஒரு இரவால் உயர்ந்தவர்கள் எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறார்கள். உயராவிட்டாலும் அந்த அறிவு வீண் போகாது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

6. உயர்வு, அல்லது இடமாற்றம்

பாரிஸில் காத்ரி, கொரிஃபே, சூஜே, பிரமியே தான்சர், எத்துவால் என்று ஐந்து படி. லண்டனின் ராயல் பாலேயில் ஆர்ட்டிஸ்ட் தொடங்கி பிரின்சிபல்வரை ஐந்து. அமெரிக்கக் கம்பெனிகளில் பெரும்பாலும் மூன்று: கோர், சோலோயிஸ்ட், பிரின்சிபல். எத்துவால் பட்டம் தேர்வு எழுதிக் கிடைப்பதில்லை, இயக்குநர்தான் பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும்.

ஏழெட்டு வருடம் ஒரே படியில் நின்றால் காரணம் உங்கள் ஆட்டமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. இயக்குநர் மாறினால் ரசனையும் மாறும். அப்போது இயக்குநரிடம் நேரம் கேட்டு நேரடியாகப் பேசுங்கள்: எந்தப் பாத்திரங்களில் என்னைப் பார்க்கிறீர்கள்? பதிலில் உங்களுக்கு இடமில்லை என்று புரிந்தால் கம்பெனி மாறுவதில் தவறில்லை. 19 வயதில் எத்துவாலான சில்வி கிலெம்கூட, தன் வேலையைத் தானே தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்துக்காக 1989இல் பாரிஸை விட்டு லண்டன் போனவர்.

7. உடம்பு

அடிக்கடி வருபவை கணுக்காலிலும் பாதத்திலும்தான்: சுளுக்கு, பெருவிரலை மடக்கும் தசைநாணில் வீக்கம், கணுக்காலின் பின்புறம் எலும்பு நெரிபடுதல், பாத எலும்பில் மயிரிழை விரிசல். மேலே போனால் இடுப்பு மூட்டும் கீழ்முதுகும். ஆண்களுக்குத் தூக்குவதால் தோளும் முதுகும்.

வலியைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் பாலேயில் ஒரு பெருமையாகவே வளர்க்கப்பட்டிருக்கிறது. அது தப்பு. தசை வலிக்கும் எலும்பு வலிக்கும் வித்தியாசம் உண்டு. ஒரே புள்ளியில், இரவிலும், விரல் வைத்து அழுத்தினாலும் வலித்தால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். மயிரிழை விரிசலில் ஆறு வாரம் ஓய்வெடுக்க மறுத்தவர் ஆறு மாதம் உட்கார வேண்டியிருக்கும்.

உணவு இதைவிட முக்கியம். செலவாகும் சக்திக்குக் குறைவாகச் சாப்பிட்டால் உடல் முதலில் மாதவிடாயை நிறுத்தும், பிறகு எலும்பின் அடர்த்தியைக் கரைக்கும். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் அது ஒல்லியாக இருப்பதன் அடையாளம் அல்ல, மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. ஆண்களுக்கும் இதே பற்றாக்குறை வரும், வெளியே தெரிவதுதான் தாமதம். எடையைக் குறை என்று மருத்துவர் துணையில்லாமல் சொல்லும் எந்த ஆசிரியருக்கும் அந்த உரிமை இல்லை. வகுப்பு மட்டும் போதும் என்ற பழைய நம்பிக்கையும் போய்விட்டது. எடை தூக்கும் பயிற்சியும் இதய நுரையீரல் பயிற்சியும் இப்போது பெரிய கம்பெனிகளில் அன்றாட வேலையின் பகுதி.

8. ஆடிக்கொண்டிருக்கும்போதே தயாராவது

இருபத்தைந்து வயதில் தொடங்குங்கள். ஆடுபவர்களின் மறுவேலைக்கென்றே பிரிட்டனில் 1973 முதல் ஒரு அமைப்பு இயங்குகிறது. கனடாவிலும் நெதர்லாந்திலும் 1980களில் இதற்காகவே அமைப்புகள் வந்தன. ஆலோசனை, படிப்புக்கு நிதி, சில இடங்களில் மாறும் காலத்துக்கு உதவித்தொகை என்று தருவார்கள். எத்தனை வருடம் தொழிலில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒவ்வொன்றிலும் வேறு. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், ஓரிரு வருடக் குறைவால் உதவி கிடைக்காமல் போகக் கூடாது. கலிஃபோர்னியாவின் செயிண்ட் மேரிஸ் கல்லூரி 1999 முதல் தொழில்முறை நடனக்காரர்களின் நேரத்துக்கு ஏற்ற பட்டப்படிப்பு நடத்துகிறது. வருடத்துக்கு இரண்டு பாடம் எடுத்தாலும் பத்து வருடத்தில் கணிசமான தூரம் போய்விடலாம்.

காயத்தால் உட்காரும் மாதங்களைப் பயன்படுத்துங்கள். ஒத்திகை அறையில் போய் உட்கார்ந்து பாருங்கள், இளையவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்கிறதா, வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

9. மேடைக்குப் பிறகு

சிலர் மேடையை விடுவதே இல்லை. ‘தூங்கும் அழகி’யின் கரபோஸ், ‘நட்கிராக்கர்’ டிரோசல்மையர், ‘லா சில்ஃபீத்’ சூனியக்காரி மேட்ஜ் போன்ற பாத்திரங்களுக்கு வயதும் முகமும் தேவை. அலெசாண்ட்ரா ஃபெர்ரி ஐம்பதைத் தாண்டி லண்டனில் புதிய படைப்புகளில் முதன்மையாக ஆடினார். பிரிட்டிஷ் நட்சத்திரம் மார்கோ ஃபொன்டெய்ன் 42 வயதில்தான் புகழ்பெற்ற ரஷ்ய ஆட்டக்காரர் நுரேயெவோடு முதலில் ஆடினார்.

ஆசிரியர் வேலை பலரும் போகும் வழி. நன்றாக ஆடுவது வேறு, கற்றுத்தருவது வேறு. எளிதாகச் சுழன்றவருக்கு, சுழல முடியாத பிள்ளைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் போகலாம். தடுமாறிக் கற்றவர்களே பெரும்பாலும் நல்ல ஆசிரியர்கள். முறையான ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெறுவது அவசியம்.

நடன அமைப்பாளராவது திறமையும் வாய்ப்பும் சேர்ந்த விஷயம். கிறிஸ்டோபர் வீல்டன், ஜஸ்டின் பெக் இருவருமே ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே சின்னப் படைப்புகள் செய்து பழகியவர்கள். இயக்குநர் பதவிக்கும் அப்படித்தான் முன்தயாரிப்பு வேண்டும். டமாரா ரோஹோ 2012இல் இங்கிலீஷ் நேஷனல் பாலேயின் இயக்குநராகி ஆடிக்கொண்டே நடத்தினார். அகோஸ்டா 2020இல் பர்மிங்ஹாம் ராயல் பாலேக்கு இயக்குநரானார். வரவுசெலவும் ஊழியர் நிர்வாகமும் நிதி திரட்டலும் தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

நான் மிக உயர்வாக மதிப்பது ரெப்பெடித்தர் வேலையை. ஒரு பாலேயைப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்து மேடையேற்றுபவர் இவர். பாலன்சின் 1983இல் இறந்தார். அவருடைய படைப்புகளை இன்று எந்தக் கம்பெனி ஆட விரும்பினாலும் உரிமை வைத்திருக்கும் அறக்கட்டளை அவற்றை ஆடி அறிந்த ஒருவரை அனுப்பி வைக்கும். அவர் சில வாரங்களில் நாற்பது பேரின் இடத்தையும், யார் எந்தத் தாளத்தில் திரும்புகிறார், எந்த வழியாக வெளியேறுகிறார் என்பதையும் சொல்லித்தர வேண்டும். வீடியோ உதவும். ஆனால் அன்று ஆடியவர் செய்த தவறும் அதில் அப்படியே இருக்கும், எது படைப்பு எது தவறு என்று தெரிந்தவர் வேண்டும். 1950களில் உருவான பெனெஷ் குறியீட்டில் பாலேக்களை எழுதிவைக்கும், படிக்கும் தனித் தொழிலும் உண்டு. கோரில் பின்வரிசையில் நின்று எல்லா இடத்தையும் கற்றவருக்கு இந்த வேலை இயல்பாக அமைகிறது. முதன்மைப் பாத்திரத்தை மட்டும் ஆடியவருக்கு ‘ஸ்வான் லேக்’ பாலேயின் இருபத்து நான்கு அன்னங்களும் எங்கே நிற்கின்றன என்று பெரும்பாலும் தெரியாது.

இதற்கு வெளியே பிசியோதெரபி, பிலாடிஸ், மேடை நிர்வாகம், உடை வடிவமைப்பு என்று பலர் போகிறார்கள். சட்டமும் மருத்துவமும் படித்தவர்களும் இருக்கிறார்கள். முப்பத்தைந்தில் முதல்முறை அலுவலக வேலைக்கு விண்ணப்பிப்பவர் ‘நடனக்கலைஞர், 17 ஆண்டுகள்’ என்று ஒரே வரி எழுதிவிட்டு நிறுத்தக் கூடாது. தேர்வு செய்பவருக்கு அதில் ஒன்றும் புரியாது. ஒரே பருவத்தில் எத்தனை பாத்திரங்களை மனப்பாடமாக வைத்திருந்தீர்கள், ஒரு மணி நேர அவகாசத்தில் வேறொருவர் இடத்தை எப்படி எடுத்தீர்கள், சுற்றுப்பயணத்தில் எத்தனை பேரை ஒருங்கிணைத்தீர்கள், இளையவர்கள் எத்தனை பேருக்கு எதைக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். உடல் பழக்கத்தையும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். முதல் வருடம் வாரத்துக்கு மூன்று வகுப்பாவது போய்க்கொண்டிருந்தால் மூட்டும் மனதும் மெதுவாக இறங்கப் பழகும்.